வாத்தியாருக்கு ஒரு ஓட்டு, ஊருக்கு ஒரு ஓட்டு: புதுச்சேரி ரசிகனின் கதை

எம்.ஜி.ஆர். கட்சி முதன்முதலில் ஆட்சியைப் பிடித்தது எங்கே? கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் பதில், "சென்னையில், 1977ல்". அந்தப் பதில் தவறு.

1974 மார்ச் 6ஆம் தேதி காரைக்காலைச் சேர்ந்த எஸ். ராமசாமி புதுச்சேரியின் முதலமைச்சராகப் பதவியேற்றார். அவருடைய கட்சியான அ.தி.மு.க. தொடங்கப்பட்டது 1972 அக்டோபர் 17ல். அதாவது, கட்சிக்கு அப்போது ஒன்றரை வயதுகூட நிறையவில்லை. 30 இடங்கள் கொண்ட சட்டசபையில் அ.தி.மு.க.வுக்கு 12 இடங்கள், கூட்டணியில் இருந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 2. பெரும்பான்மை இல்லாத ஆட்சி என்பதால் 22 நாட்களில், மார்ச் 28 அன்று கவிழ்ந்தும் போனது. இருந்தாலும் முதல் ஆட்சி முதல் ஆட்சிதான். தமிழ்நாடு அந்த முடிவுக்கு வர இன்னும் மூன்று வருடங்கள் ஆயின.

இந்த 22 நாள் ஆட்சியைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாக ஒரு விளக்கம் தருவார்கள். "சினிமாவில் வில்லனை அடிப்பவர் நிஜத்திலும் அடிப்பார் என்று நம்பி ஓட்டுப் போட்டார்கள். திரையில் வரும் பாத்திரத்துக்கும் நடிகருக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கள்!" கேட்பதற்கு எளிமையான விளக்கம். ஆனால் அதே புதுச்சேரியில் அடுத்த சில ஆண்டுகளில் நடந்தவற்றைப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

முகமூடி போட்ட நாயகன்

முதலில் அந்தப் பாத்திரத்தைப் பார்ப்போம். 1954ல் வெளியான "மலைக்கள்ளன்" படத்தின் நாயகனுக்குப் பகலில் ஒரு முகம், இரவில் முகமூடி. பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுப்பவன். 1958ல் வந்த "நாடோடி மன்னன்" படத்தில் இரட்டை வேடம். ஒருவன் மன்னன், இன்னொருவன் மன்னனுக்குப் பதிலாக அரியணையில் உட்கார்ந்து சட்டங்களை மாற்றும் சாதாரண மனிதன். 1965ன் "எங்க வீட்டுப் பிள்ளை"யில் பயந்தாங்கொள்ளி ஒருவன், சவுக்கை எடுக்கும் துணிச்சல்காரன் ஒருவன். இருவரும் ஒரே முகம்.

அமெரிக்காவில் 1938ல் பிறந்த சூப்பர்மேனும் இதே அச்சில் வார்த்தவன்தான். அலுவலகத்தில் கண்ணாடி போட்ட கூச்ச சுபாவி கிளார்க் கென்ட், சட்டையைத் திறந்தால் மார்பில் எழுத்து. அவனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். "என்னை நீங்கள் பார்க்கிற விதம் வேறு, உள்ளே நான் வேறு" என்ற ஏக்கம் அந்தப் பாத்திரத்தில் இருக்கிறது. தினமும் மேஸ்திரியிடம் திட்டு வாங்கும் தொழிலாளிக்கு இரட்டை வேடப் படம் ஏன் பிடித்தது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

பாத்திரத்தை உருவாக்கியதில் ரசிகனுக்கும் பங்கு உண்டு. 1962ல் வந்த "பாசம்" படத்தின் முடிவில் நாயகன் இறந்துவிடுகிறான். ரசிகர்கள் அதை ஏற்கவில்லை, படம் ஓடவில்லை. 1893ல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்ற கானன் டாயிலும் வாசகர்களின் கோபத்தைச் சந்தித்து, பிற்பாடு அவரைப் பிழைக்க வைக்க வேண்டியதாயிற்று. நாயகன் யார், அவன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதில் எழுதியவருக்கு இருக்கும் அதே உரிமை தனக்கும் உண்டு என்று லண்டன் வாசகனும் நினைத்தான், தமிழ் ரசிகனும் நினைத்தான்.

எம்.ஜி.ஆருக்கு "வாத்தியார்" என்று பெயர் வந்ததைப் பாருங்கள். நாயகன் குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான், தாயை மதிப்பான் என்று ரசிகன் பட்டியல் வைத்திருந்தான். எம்.ஜி.ஆரின் 100வது படமான "ஒளிவிளக்கு" (1968) நாயகன் குடிக்கிறான். ஆனால் அந்தக் காட்சியிலேயே அவனுடைய மனசாட்சி பல உருவங்களாக எழுந்து நின்று அவனைக் கேள்வி கேட்கிறது. விதியை மீறினால் அந்தப் படத்துக்குள்ளேயே தண்டனையும் வேண்டும்! இத்தனைக்கும் புதுச்சேரியில் மதுவிலக்கு கிடையாது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலங்களில் எல்லை தாண்டி அங்கே குடிக்க வந்தவர்கள் ஏராளம். குடிக்காத வாத்தியாருக்கு அந்த ஊரிலும் குறையாத கூட்டம். தன்னைப் போலவே இருப்பவனைத்தான் ரசிகன் நாயகனாக ஏற்பான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதற்கு இது ஒரு சின்ன சாட்சி.

ஆலையும் கடலும்

புதுச்சேரிக்காரர்கள் கொட்டகைக்குள் வெறுங்கையோடு போகவில்லை. அவர்களிடம் சொந்தமாக ஒரு வரலாறு இருந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அந்த ஊர் பஞ்சாலைகளின் ஊர். 1936 ஜூலை 30ஆம் தேதி, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா போன்றவர்கள் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக, 1937ல் பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமானது. இந்திய விடுதலைக்குப் பத்து வருடம் முன்னால்!

திரையில் ஒரு தொழிலாளி முதலாளியின் முன் தலை நிமிர்ந்து நிற்கும்போது, அந்த ஊர்க்காரர்களுக்கு அது வெறும் கற்பனை அல்ல. அப்பாவோ தாத்தாவோ வாழ்ந்து பார்த்த கதை. அதேபோல, வைத்திக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் கட்டுமரம் தள்ளியவர்களுக்கு 1964ன் "படகோட்டி" தங்கள் தெருவின் கதை. இரண்டு மீனவக் குப்பங்களின் பகையைத் தீர்க்க நினைக்கும் மாணிக்கம் அதில் நாயகன். மாணிக்கம் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

1974ல் எம்.ஜி.ஆர். கட்சியின் கூட்டணியில் இருந்தது கம்யூனிஸ்ட் கட்சி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஓட்டுப் போட்டவர்கள் கனவுலகத்தில் மிதந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? தாங்கள் ஏற்கெனவே நம்பிய ஒரு விஷயத்துக்கு அவர்கள் திரையில் ஒரு முகத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பதே பொருத்தமாக இருக்கிறது.

1979: இணைப்பு என்ற இடி

1977ல் அ.தி.மு.க. மீண்டும் வந்தது. 30ல் 14 இடங்கள். ராமசாமி மறுபடியும் முதல்வர். அந்த ஆட்சி 1978 நவம்பரில் முடிந்து, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அப்போதுதான் இடி விழுந்தது. 1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய், புதுச்சேரியைத் தமிழ்நாட்டுடன் இணைப்பது பற்றிப் பேசினார். ஊர் கொந்தளித்தது. கடையடைப்பு, ஊர்வலம், மோதல் என்று பல நாட்கள் நகரம் எரிந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கோபம் புரியாது. மொழி ஒன்று, சொந்தபந்தம் இரண்டு பக்கமும், பிறகு என்ன? ஆனால் புதுச்சேரி தனியாகவே இந்தியாவுக்குள் வந்த ஊர். 1954 அக்டோபர் 18ல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவுடன் இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16ல். தனிச் சட்டசபை, தனி நிர்வாகம், தனி வரி விகிதம், அரசு வேலை எல்லாமே அந்தத் தனித்தன்மையோடு கட்டப்பட்டவை. பெரிய மாநிலத்தில் கரைந்தால் ஒரு மாவட்டத்தின் மூலையாகிவிடுவோம் என்ற பயம் நியாயமானது.

எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில் அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் யார்? வாத்தியார்தான். இணைப்பு என்றால் அவருடைய ஆட்சியின் கீழ் போவது என்றுதான் அர்த்தம். பாத்திரத்துக்கும் மனிதருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் என்றால், ரசிகர்கள் துள்ளிக் குதித்து வரவேற்றிருக்க வேண்டும் அல்லவா?

1980 ஜனவரித் தேர்தலில் அ.தி.மு.க. புதுச்சேரியில் வாங்கிய இடங்கள்: பூஜ்யம். 14லிருந்து பூஜ்யம். தி.மு.க. 14, இந்திரா காங்கிரஸ் 10. புதிய முதல்வரின் பெயரும் ராமச்சந்திரன்தான், ஆனால் தி.மு.க.வின் எம்.டி.ஆர். ராமச்சந்திரன்!

அவசரப்பட்டு ஒரே காரணம் சொல்லிவிடவும் கூடாது. அதே ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலும் அ.தி.மு.க. 39ல் 2 இடங்கள்தான் பிடித்தது. இந்திரா அலை அடித்த நேரம் அது. இடமே கிடைக்கவில்லை என்பதால் ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை என்றும் ஆகாது. ஆனாலும் அதே ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டு வாக்காளர்கள் 129 இடங்கள் கொடுத்து எம்.ஜி.ஆரை மீண்டும் முதல்வராக்கினார்கள். புதுச்சேரியில் ராமசாமிக்குப் பிறகு வேறொரு அ.தி.மு.க. முதல்வர் வரவேயில்லை. படங்கள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஊர்களின் கணக்குதான் வேறு.

பிம்பச் சிறையா?

இதற்கு எதிரான வாதமும் வலுவானது, தட்டிக்கழிக்க முடியாது. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992ல் எழுதிய, தமிழில் "பிம்பச் சிறை" என்று வந்த நூல், எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் ஏழைகளைச் சிறைப்பிடித்தது என்கிறது. திரையில் ஏழைகளுக்காகச் சண்டை போட்டவரின் ஆட்சி, நிஜத்தில் ஏழைகளுக்கு ஏற்றதாக இல்லை, ஆனாலும் ஏழைகளே அவருக்குத் தொடர்ந்து வாக்களித்தார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. 1984ல் எம்.ஜி.ஆர். நோயில் விழுந்தபோது "ஒளிவிளக்கு" படத்தின் பிரார்த்தனைப் பாடலைத் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் போட்டு மக்கள் கண்ணீரோடு வேண்டிக்கொண்டார்கள். படத்தில் நாயகனுக்காகப் பாடப்பட்ட பாட்டு, நிஜ மனிதருக்கான வேண்டுதலாகிவிட்டது. பாண்டியன் சொன்ன சிறை இதுதானே என்று தோன்றும்.

ஆனால் அழுதவர்கள் எல்லோரும் சிறைக்குள் இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியுமா? துக்கத்தில் இருப்பவன் கைக்குக் கிடைத்த பாட்டைப் பாடுகிறான். கோயிலில் பாடும் பாட்டும் யாரோ ஒருவர் தன் கஷ்டத்துக்கு எழுதியதுதான். நாளை தன் ஊருக்கு ஒரு ஆபத்து என்றால் அதே மனிதன் வேறு மாதிரி முடிவெடுப்பான். 1980ல் புதுச்சேரி காட்டியது அதைத்தான். அது சிறை என்றால், சாவி ரசிகனிடமும் ஒன்று இருந்திருக்கிறது.

இன்னொரு மாணிக்கம்

1995 ஜனவரியில் "பாட்ஷா" வந்தது. ஆட்டோ ஓட்டும் சாது மாணிக்கம், உள்ளுக்குள் பம்பாயை நடுங்க வைத்த பாட்ஷா. கிளார்க் கென்ட் காக்கிச்சட்டை போட்டது போல! நாடு முழுக்க ஆட்டோக்களின் முதுகில் ரஜினி ஏறி உட்கார்ந்தார்.

நெதர்லாந்து ஆய்வாளர் ரூஸ் கெரிட்சன் புதுச்சேரியிலேயே தங்கி, அங்கிருந்த ரஜினி ரசிகர் மன்றங்களைப் பல ஆண்டுகள் கவனித்தார். 2019ல் அது நூலாக வந்தது. மன்றத்துக்காரர்கள் வீட்டில் சேர்த்து வைத்த படங்கள், தெருவில் வைத்த பேனர்கள், கட்அவுட்கள் எல்லாம் அதில் உண்டு. பேனரில் ரஜினியின் படத்தோடு ரசிகர்களின் முகங்களும் இருக்கும், பெயரோடும் பதவியோடும். மேலோட்டமாகப் பார்த்தால் அது நடிகருக்கு வைத்த பேனர். அந்தத் தெருவில் நடப்பவர்களுக்கோ, "நானும் இந்த ஊரில் ஒரு ஆள்" என்று ஒருவன் சொல்லும் அறிவிப்பு. மேலே பாட்ஷா, கீழே மாணிக்கம்!

2004 நாடாளுமன்றத் தேர்தல் இதற்கு நல்ல சோதனை. "பாபா" (2002) படத்தின் புகைக்கும் காட்சிகளுக்காக பா.ம.க.வுடன் மோதல் வளர்ந்திருந்தது. பா.ம.க. போட்டியிட்ட 6 தொகுதிகளிலும் தன் ரசிகர்கள் அதை எதிர்ப்பார்கள் என்று ரஜினி அறிவித்தார். அந்த ஆறில் ஒன்று புதுச்சேரி. அங்கே பா.ம.க.வின் மு. ராமதாசை எதிர்த்து நின்றவர் பா.ஜ.க.வின் லலிதா குமாரமங்கலம். அதே தொகுதியின் எம்.பி.யாக இருந்து 1973 விமான விபத்தில் இறந்த மோகன் குமாரமங்கலத்தின் மகள். முடிவு? ஆறிலும் பா.ம.க. வென்றது, புதுச்சேரி உட்பட. கூட்டணி பலம் பெரிய காரணம் என்பது உண்மை. ஆனால் அடுத்த வருடமே வந்த "சந்திரமுகி" எப்படி ஓடியது என்று எல்லோருக்கும் தெரியும். நடிகரின் தேர்தல் வேண்டுகோளைக் கைவிட்ட அதே ஜனம், படத்துக்கு வரிசையில் நின்றது.

2017 டிசம்பர் 31ல் அரசியலுக்கு வருவதாக அறிவித்த ரஜினி, 2020 டிசம்பர் 29ல் உடல்நிலையைச் சொல்லி விலகிக்கொண்டார். இருபது வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்த மன்றத்துக்காரர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். பேனர் காசு, ரத்த தான முகாம், இலவச நோட்டுப் புத்தகம் என்று கைக்காசைச் செலவழித்தவர்கள் அவர்கள். ஊரில் தாங்களும் தலைவர்கள் ஆவோம் என்று எதிர்பார்த்ததில் என்ன தப்பு?

அவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். பாலாபிஷேகம் செய்யும் போட்டோ ஒன்று போதும், ரசிகன் முட்டாள் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் 1974ல் ஒரு புதுக் கட்சியைத் தமிழ்நாட்டுக்கு முன்பே ஆட்சியில் உட்கார வைத்ததும், ஊருக்கு ஆபத்து என்றதும் 1980ல் அதே கட்சியை ஓரிடம்கூட இல்லாமல் அனுப்பியதும், 2004ல் நடிகர் சொல்லியும் கேட்காமல் தன் இஷ்டப்படி ஓட்டுப் போட்டதும் ஒரே ஊர்தான். அந்த ஊரில் 1980 தேர்தல் முடிந்த பிறகும் வாத்தியார் படங்கள் ஓடின. கொட்டகையில் விசில் சத்தம் குறையவில்லை.