எழுதுகோல் நழுவிய கை

டூப்ளே என்றால் புதுவையில் பள்ளிச் சிறுவனும் பதில் சொல்வான். கோட்டை கட்டியவர்களையும் அதை இடித்தவர்களையும் நாம் மறப்பதில்லை. இடிந்த கோட்டையின்மீது தொலைநோக்கியை நிறுத்தி, ஏறத்தாழ ஈராண்டுக் காலம் வானத்தையே பார்த்திருந்த லெ ழான்தியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வெள்ளிக்கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து செல்லும் நிகழ்ச்சியைப் பல நாடுகளிலிருந்து அளந்து ஒப்பிட்டால், கதிரவனின் தொலைவைக் கணக்கிடலாம். அதற்காகவே பாரிசின் அறிவியற் கழகத்தார் அவரைப் புதுவைக்கு அனுப்பினர். 1760 மார்ச்சில் கப்பலேறினார். அவர் வந்து சேருமுன், 1761 சனவரியில் புதுவை ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. சூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலில் நின்று பார்த்தார். பார்த்தார் என்பதன்றிப் பயனில்லை. அடுத்த வாய்ப்பு எட்டாண்டுக்குப் பின். அதனையும் விட்டால் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை. காத்திருந்தார்.

மணிலாவுக்குச் சென்றார். அங்கே தங்கியே பார்க்கலாம் என்றிருந்தவருக்கு, 1767-இல் பாரிசிலிருந்து மடல் வந்தது: புதுவைக்குச் செல்க! மணிலா ஆளுநரோ, அவரிடமிருந்த பரிந்துரைக் கடிதங்கள் போலியானவை என்று ஐயுற்றாராம். ஐரோப்பாவிலிருந்து இத்தனை விரைவில் கடிதம் வருமா என்பது அவர் கேள்வி! கடிதம் காலத்தில் வந்தாலே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது.

1768 மார்ச்சில் புதுவை வந்தார். ஆளுநர் லா அவருக்கு ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தார். ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய ஆங்கிலேயரே சென்னையிலிருந்து நல்ல தொலைநோக்கி ஒன்றைக் கடனாக அனுப்பினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பீரங்கி பிரித்தவர்களை வானம் பேச வைத்தது.

1769 சூன் 4, விடியல். முகில் திரண்டு கதிரவனை மறைத்தது. வெள்ளி கடந்து முடிந்த பின்னரே கதிரவன் முகம் காட்டினான். மணிலாவிலோ அன்று வானம் தெளிவாக இருந்தது!

இரு கிழமை அவர் சோர்ந்து கிடந்தார். நடந்ததைத் தாயகத்துக்கு எழுத வேண்டிய நேரத்தில், பலமுறை எழுதுகோல் கையிலிருந்து நழுவியதாக அவரே பதிந்துள்ளார். 1771-இல் ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டார் என்று கூறி, சொத்தைப் பங்கிட உறவினர் முனைந்து நின்றனர். வழக்காடினார், தோற்றார், செலவும் அவர் தலையில் விழுந்தது. உயிரோடு நிற்பவன், தான் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டிய கொடுமை!

நமக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. காத்திருந்த நாள்களில் அவர் தமிழரின் கணக்கு முறையைக் கற்றார். சோழிகளை நகர்த்தி, மனப்பாடச் சொற்களைக் கொண்டு கிரகணத்தைக் கணிக்கும் முறை அது. 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணம் நீடிக்கும் நேரத்தைத் தமிழர் கணக்கு 41 நொடி குறைத்துக் கூறியது. ஐரோப்பியரான மேயரின் பட்டியலோ 68 நொடி கூட்டிக் கூறியது. வியப்புத்தான். பெருமையும் கொள்ளலாம். ஆனால் அத்தோடு நிற்கலாமா?

சென்னை வானாய்வகத்தை 1805 முதல் 1811 வரை நடத்திய வாரன், பின்னர் இதே புதுவையில் ஒரு பஞ்சாங்கக் கணக்கரைக் கண்டார். அவர் சோழி பரப்பி, 1825-ஆம் ஆண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடமே. இடையில் 23, முடிவில் 52! கணக்கருக்கு விதி தெரியும். விதிக்குக் காரணம் தெரியாது. வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பழக்கம் இல்லாதபோது பிழையை யார் காண்பது? மேயரின் பட்டியலை மேசன் போன்றோர் திருத்தினர். நம்மவர் மனப்பாடம் செய்தனர்.

இன்னொன்று. அந்தக் கணக்கில் ராகு என்பது பாம்பன்று. நிலவின் பாதை கதிரவனின் பாதையை வெட்டும் இடம், வெறும் எண். அந்த எண்ணைச் சோழியால் கூட்டிக் கழித்த அதே பஞ்சாங்கம், பாம்பு விழுங்குகிறது என மக்களைக் குளத்துக்கு அனுப்பியது.

வாரன் தாம் கண்டதைச் சென்னையில் 1825-இல் அச்சிட்ட 'கால சங்கலித'த்தில் எழுதிவைத்தார். 1830-இல் புதுவையிலேயே இறந்தார். அவர் குறிப்பை 1952-இல் ஆராய்ந்த நாய்கபாவர், அதிலுள்ள 248 நாள் சுற்றுக்கும் பழைய பாபிலோனியர் கணக்குக்கும் உறவு கண்டார். முனிவர் அருளியதாகச் சொல்லப்பட்ட கணக்கு, கடலும் பாலையும் கடந்து வந்த மனிதர் கணக்கு.