செகந்திராபாத்தின் மூடிய சாலைகள்

பல்லாவரம் பக்கம் போகும்போது கண்டோன்மென்ட் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். ராணுவ நிலத்துக்குள் போகும் சாலையில் பொதுமக்களுக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வியால் பல ஆண்டுகள் அல்லாடிய ஊர் செகந்திராபாத்.

1798இல் ஐதராபாத் நிஜாம் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி வந்த படை, உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே முகாமிட்டது. 1806இல் அந்த இடத்துக்கு நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் சூட்டப்பட்டது. அன்று அது ஊருக்கு வெளியே. பிறகு நகரம் வளர்ந்து முகாமைச் சூழ்ந்துகொண்டது. மல்காஜ்கிரி, சைனிக்புரி பக்கம் குடியிருப்பவர்கள் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக ராணுவச் சாலைகளே குறுக்குவழி. கேட்டை மூடினால் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

ராணுவத்தின் கவலையும் பொய்யல்ல. 2016இல் பதான்கோட்டிலும் ஊரியிலும் நடந்த தாக்குதல்களை மறக்க முடியுமா? வீரர்களின் குடும்பங்களும் முகாமுக்குள்தான் வாழ்கின்றன.

2018 மே மாதம், நாடெங்கும் மூடிய கண்டோன்மென்ட் சாலைகளைத் திறக்கப் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. அப்போது அமைச்சர் நிர்மலா சீதாராமன். பிறகு கொரோனா வந்தது. செகந்திராபாத்தில் கேட்டுகள் மீண்டும் மூடின. 21 சாலைகளைத் திறக்கக் கோரி 2021இல் தெலங்கானா அமைச்சர் கே.டி. ராமாராவ் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2022 மார்ச்சில், கண்டோன்மென்ட்டுக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவோம் என்று சட்டமன்றத்திலேயே எச்சரித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? கண்டோன்மென்ட் சட்டம் 2006, பிரிவு 258இன்படி, பாதுகாப்புக் காரணம் இல்லாமல் ஒரு தெருவை நிரந்தரமாக மூடக்கூடாது. பொது அறிவிப்பு தந்து மக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கேட்க வேண்டும். மேலதிகாரிகளின் முன் அனுமதியும் வேண்டும். சிக்கல் எங்கே என்றால், படை நேரடியாகப் பயன்படுத்தும் நிலம் 'ஏ-1' வகை. அதிலுள்ள சாலை பொதுத் தெருவே அல்ல, எங்கள் உள்வழி என்பது ராணுவத்தின் வாதம். தினமும் போய்வருபவருக்கோ இரண்டும் ஒரே தார்ச்சாலைதான்.

தமிழ்நாட்டில் பரங்கிமலை-பல்லாவரம், வெலிங்டன் கண்டோன்மென்ட்டுகளுக்கும் இதே சட்டம்தான். அங்கே வழக்கமாகப் போகும் வழி பற்றி அறிவிப்பு வந்தால், வாட்ஸ்அப்பில் புலம்புவதோடு விடாதீர்கள். குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். மூடிய கேட்டைத் திறக்க வைப்பதைவிட, மூடும் முன் பேசுவது எளிது.