சமமின்புள்ளி அளத்தல்

ஒரு புரதத்திலுள்ள நேர்மின்சுமைகளும் எதிர்மின்சுமைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டி, நிகர மின்சுமை சுழியாகும் பிஎச் மதிப்பே அதன் சமமின்புள்ளி. அந்நிலையில் மின்புலம் புரதத்தை எப்பக்கமும் இழுப்பதில்லை. அஸ்பார்டிக், குளூட்டாமிக் அமிலங்கள் மிகுந்த புரதங்களுக்கு இது தாழ்ந்தும், லைசினும் ஆர்ஜினினும் மிகுந்தவற்றுக்கு உயர்ந்தும் இருக்கும். பாலின் கேசீனுக்கு 4.6, கோழிமுட்டை வெள்ளைக்கருவிலுள்ள லைசோசைமுக்குச் சுமார் 11.

பால் உறைந்து தயிராவது இதற்கு வீட்டிலேயே கிடைக்கும் சான்று. உறைமோரின் பாக்டீரியா உண்டாக்கும் லாக்டிக் அமிலத்தால் பிஎச் 4.6-ஐ நெருங்கும்போது, கேசீன் துகள்களை விலக்கி வைத்திருந்த மின்சுமை அற்றுப்போய் அவை ஒன்றோடொன்று பிணைகின்றன. கல்லூரி ஆய்வகங்களின் பழைய முறையும் இதுவே. அசெட்டிக் அமிலமும் சோடியம் அசெட்டேட்டும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த சோதனைக்குழாய்களில் கேசீன் கரைசலை விட்டு, எது மிகுதியாகக் கலங்கி வீழ்படிவு தருகிறது என்று பார்ப்பார்கள். கற்பிக்க மிக நல்ல முறை. ஆனால் சமமின்புள்ளியிலும் கரைந்தே நிற்கும் இரத்த ஆல்புமின் போன்ற புரதங்களிடம் பலிக்காது.

மின்புலத்தில் புரதம் நகரும் திசை அமிலத்தில் ஒன்றாகவும் காரத்தில் மற்றொன்றாகவும் இருப்பதை வில்லியம் ஹார்டி முட்டை வெள்ளைக்கருவில் கண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அந்நகர்வைத் துல்லியமாக அளக்கும் கருவியை 1930களில் ஸ்வீடனின் அர்னே டிசேலியஸ் உருவாக்கினார். பல பிஎச் மதிப்புகளில் வேகத்தை அளந்து வரைபடமிட்டால், கோடு சுழியைக் கடக்கும் இடம் சமமின்புள்ளி. 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர் இவ்வழியில், அரிவாள் செல் நோயாளிகளின் ஹீமோகுளோபினுக்குச் சமமின்புள்ளி இயல்பானதைவிடச் சுமார் 0.2 அலகு உயர்ந்திருப்பதைக் காட்டினர். ஒரு நோயின் வேர் ஒரே மூலக்கூறின் மாற்றத்தில் இருப்பதை முதன்முதலாக நிறுவிய அளவீடு அது. குளூட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் வாலின் வந்து, எதிர்மின்சுமை குறைந்ததே காரணம் என்பதை வெர்னன் இங்கிராம் பின்னர் கண்டறிந்தார். 

இன்றைய முதன்மை முறை சமமின்புள்ளிக் குவிப்பு. கோட்பாட்டை ஹாரி ஸ்வென்சன் 1961இல் வகுத்தார். அதற்கு வேண்டிய, அமிலமாகவும் காரமாகவும் செயல்படும் ஆம்போலைட் மூலக்கூறுகளின் கலவையை ஓலோஃப் வெஸ்டர்பர்க் தயாரித்தார். ஜெல்லின் ஒரு முனையில் அமிலம், மறு முனையில் காரம். இடையே ஆம்போலைட்டுகள் பிஎச்சை முனைக்கு முனை சீராக உயர்த்துகின்றன. மின்சாரம் பாய்ச்சினால் புரதம் நகர்ந்து, தன் சமமின்புள்ளியை அடைந்ததும் நிற்கிறது. பரவி விலகினாலோ உடனே மின்சுமை பெற்றுத் திரும்ப இழுக்கப்படுகிறது. அதனால் பட்டை கூர்மையாகிறது. இத்தொழில்நுட்பத்தின் அழகே இந்தத் தானியங்கித் திருத்தம்தான். பிறகு டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தில் ஜெல்லை ஊறவைத்து, ஆம்போலைட்டுகளைக் கழுவி நீக்கிச் சாயமேற்றுவார்கள். கழுவாவிட்டால் அவையும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். சமமின்புள்ளி தெரிந்த புரதங்களைப் பக்கத்திலேயே ஓட்டி, அவை நகர்ந்த தூரத்தோடு ஒப்பிட்டு மதிப்பைக் கணிக்கிறார்கள். 1982இல் பிஎச் சரிவை ஜெல்லோடே வேதிப்பிணைப்பால் இணைத்த பட்டைகள் வந்த பிறகு 0.01 அலகு வேறுபாட்டையும் பிரித்தறிய முடிகிறது.

கிடைக்கும் எண்ணை அப்படியே நம்புவது ஆபத்து. குளிரூட்டிய ஜெல்லில் குவித்துவிட்டு 25 பாகையில் பிஎச் அளந்தால் மதிப்பு மாறும். மாதிரியில் உப்பு எஞ்சினால் பட்டைகள் வளையும். ஆகவே முதலில் டயாலிசிஸ் செய்ய வேண்டும். நெடுநேரம் ஓட்டினால் ஆம்போலைட் சரிவே எதிர்மின்முனைப் பக்கம் நழுவும். எல்லாவற்றிலும் மோசமானது, புரதத்தைக் கரைக்க மாதிரியில் சேர்க்கும் யூரியா: அதைச் சூடாக்கினால் உருவாகும் சயனேட், லைசினின் நேர்மின்சுமையை அழித்து, ஒரே புரதத்தைப் பல பட்டைகளாகக் காட்டும். அமினோ அமில வரிசையிலிருந்து கணினி தரும் மதிப்பும் மாற்றாகாது. பாஸ்பேட் ஏறியதும் மடிப்புக்குள் புதைந்த தொகுதிகளும் அக்கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை.

மருந்து நிறுவனங்கள் இதே குவிப்பை ஜெல்லுக்குப் பதில் மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் செய்கின்றன. எதிர்ப்புரத மருந்து நாள்பட்டால் அதிலுள்ள அஸ்பராஜின் அஸ்பார்டிக் அமிலமாக மாறும். எதிர்மின்சுமை கூடி, வரைபடத்தில் முதன்மைக் கொடுமுடிக்கு அமிலப் பக்கத்தில் புதிய மேடு எழும். அம்மேட்டின் பரப்பு குறித்த வரம்பைத் தாண்டினால் அந்தத் தொகுதி நோயாளிக்குப் போகாது.