வலியும் மின்சாரமும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு நன்கு பழகிய சங்கடம் ஒன்று உண்டு. வைத்தியர் முன் அமர்ந்து, முதுகில் உள்ள நோவை வேற்று மொழியில் எடுத்துரைக்க முயல்கிறோம். குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், விண்விண்ணென்று தெறித்தல் என நம் மொழியில் பிரித்துப் பிரித்துச் சொல்லத் தெரிந்த நாம், அங்கே 'தர்த்' என்னும் ஒரே சொல்லோடு நின்று விடுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் அவ்விடத்தில் சொல் கிட்டுவதில்லை. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு; எலும்பு முறிவைக் காட்ட எக்ஸ்ரே படம் உண்டு. வலிக்கோ, அதை அனுபவிப்பவரின் வாய்மொழியைவிடச் சிறந்த சாட்சி இல்லை. அந்தச் சாட்சியை நம்பியே, மின்சாரத்தால் வலியைத் தணிக்க மனிதர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக முயன்று வந்திருக்கின்றனர். அம்முயற்சியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

ரோமப் பேரரசர் கிளாடியஸின் காலத்தில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்னும் வைத்தியர் வாழ்ந்தார். கி.பி. 47ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதிய மருந்து நூலில் விநோதமான சிகிச்சை ஒன்று காணப்படுகிறது. கால் வாதத்தால் துன்புறுவோர் கடல் அலை நனைக்கும் கரையில் நின்று, உயிருள்ள கரிய மின் திருக்கை மீனைப் பாதத்தின் கீழ் வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வரை மரத்துப் போகும்வரை அவ்வாறே நிற்க வேண்டும். திபேரியஸ் மன்னரால் விடுதலை பெற்ற அடிமையான அன்தெரோஸ் இவ்வாறு குணமடைந்ததாக அவர் குறித்திருக்கிறார். தீராத தலைவலிக்கும் இதே மீனைத் தலைமேல் வைக்கச் சொன்னார். அம்மீனிடம் இருந்த ஆற்றல் யாது என்பதை அவரும் அறியார். அக்காலத்தில் வேறு எவரும் அறியார்.

அந்த ஆற்றல் மின்சாரமே என்று தெளிவாக 1770கள் வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1772ஆம் ஆண்டு ஜான் வால்ஷ் என்னும் ஆங்கிலேயர் பிரான்சின் லா ரொஷேல் துறைமுகத்தில் இம்மீனைச் சோதித்து, அது தரும் அதிர்ச்சி மின்சாரத்தின் செயலே என்று கண்டார். 1800ஆம் ஆண்டு தமது மின் அடுக்கை வெளியிட்ட வோல்ட்டாவும், அதனை இம்மீனின் உறுப்புக்கு ஒப்பிட்டே பேசினார். அதன்பின் மின்சாரம் வைத்தியத்தில் புகுந்தது. உடன் போலி வைத்தியமும் புகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேனாட்டுப் பத்திரிகைகளில் மின்சார இடுப்புப் பட்டைகளின் விளம்பரங்கள் மலிந்தன. எல்லா நோய்க்கும் ஒரே பட்டை! இதனால் கற்றறிந்த வைத்தியர்கள் இத்துறையையே ஐயத்தோடு நோக்கலாயினர்.

இம்முறைக்கு மீண்டும் மதிப்பைத் தந்தது வலியைப் பற்றிய ஒரு புதுக் கருத்து. 1664ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழியில் வெளிவந்த தமது நூலில் தத்துவ ஞானி டேக்கார்ட், வலியை மணிக்கயிற்றுக்கு ஒப்பிட்டார். கீழே கயிற்றை இழுத்தால் மேலே மணி ஒலிப்பதுபோல, காலில் நெருப்புப் பட்டால் மூளையில் வலி ஒலிக்கும் என்பது அவர் கருத்து. இவ்வுவமையே பல தலைமுறைகளின் சிந்தனையை ஆண்டது. 1965ஆம் ஆண்டு கனடாவின் ரொனால்டு மெல்சாக், இங்கிலாந்தின் பாட்ரிக் வால் ஆகிய இருவரும் இதனை மறுத்துரைத்தனர். தண்டுவடத்தில் ஒரு வாயில் உண்டு. மெல்லிய நரம்பு நார்கள் கொணரும் வலிச் செய்தி அவ்வாயிலைக் கடந்தே மேலே செல்ல வேண்டும். தொடு உணர்வைக் கொணரும் தடித்த நார்கள் வேலை செய்யும்போது அவ்வாயில் ஓரளவு மூடிக்கொள்கிறது என்றனர். இடித்துக்கொண்ட குழந்தையின் முழங்காலை அன்னை தேய்த்து விடுகிறாளே, அதன் உட்பொருள் இதுவே எனலாம். இக்கொள்கையின் நுணுக்கங்கள் சில பின்னர் திருத்தப்பட்டன. ஆயினும் அதன் மையக் கருத்து பெரும்பயன் விளைத்தது.

வாயிலை மின்சாரத்தால் மூட இயலுமா என்று முதலில் தம் உடலிலேயே சோதித்தவர்கள் வாலும், வில்லியம் ஸ்வீட் என்னும் நரம்பு அறுவை நிபுணரும் ஆவர். கண்ணுக்குக் கீழே ஓடும் தம் நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தனர். 1967ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்னும் அறுவை நிபுணர் மேலும் ஒரு படி சென்றார். பூனைகளில் சோதித்து அறிந்தபின், பொறியியல் மாணவரான தாமஸ் மார்ட்டிமரின் துணையோடு, நுரையீரல் புற்றால் வருந்திய எழுபது வயது முதியவரின் தண்டுவடத்தின் பின்புறத்தே மின்முனையைப் பொருத்தினார். வலி தணிந்தது. முதியவர் சில நாட்களுக்குள் காலமானார் எனினும், ஒரு புதிய வைத்திய முறை பிறந்துவிட்டது.

தொடர்ந்து வந்த கருவிகள் வானொலி நேயர்களாகிய நமக்குத் தனிச் சுவை தருவன. தோலின் கீழ் புதைத்த பகுதியில் மின்கலம் கிடையாது. நோயாளி வெளியே ஒரு சிறு பெட்டியை வைத்திருப்பார். அதன் ஏரியலைத் தோல்மீது ஒட்டிக்கொள்வார். வானொலி அலைகள் தோலை ஊடுருவி உள்ளிருக்கும் ஏற்பியை இயக்கும். உடம்பினுள்ளேயே ஒரு வானொலி நிலையம் கேட்பது போன்றது இது. 1980களில் மின்கலமும் உள்ளேயே இடம் பெற்றது. 2004 முதல் வெளியிலிருந்தே மின்னேற்றத்தக்க கலங்கள் வந்தன. முதுகெலும்பைத் திறக்காமல் ஊசி வழியே கம்பியைச் செலுத்தும் முறையும் வந்தது. நிலையாகப் பொருத்துமுன் சில நாள் தற்காலிகக் கம்பி வைத்து, வலி பாதியாவது குறைகிறதா என்று பார்ப்பதும் வழக்கமாயிற்று. கம்பி இடம் பெயர்தல், கிருமி தொற்றல் போன்ற இடர்களும் இல்லாமலில்லை. முன்னோடியான ஷீலியே 1970களில் இவ்வறுவையை விட்டு விலகினார்.

இது உண்மையில் எவ்வளவு பயன் தருகிறது? 2000ஆம் ஆண்டு நெதர்லாந்தில், காயத்தின் பின் கை கால்களில் தங்கிவிடும் கொடிய வலியுடைய 54 பேரை வைத்து நடத்திய ஆய்வு, ஆறு மாதத்தில் கருவி பெற்றோர்க்கு வலி குறைந்ததைக் காட்டியது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இரு தரப்பாருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும், கருவி பெற்றோரில் 95 சதவீதத்தினர், இதே பலன்தான் என்றாலும் மீண்டும் இதனை ஏற்போம் என்றனர்!

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய கருவிகள் இயங்கும்போது உடலில் ஒரு சிலுசிலுப்பு தோன்றும். ஆகவே, கருவி இயங்குவது நோயாளிக்குத் தெரிந்துவிடும். நம்பிக்கையின் பலனையும் மின்சாரத்தின் பலனையும் பிரித்தறிய இயலாது. சிலுசிலுப்பே தோன்றாத புது முறை வந்தபின், 2022ஆம் ஆண்டு நார்வே ஆய்வாளர்கள், முதுகு அறுவைக்குப் பின்னும் வலி நீங்காத 50 பேரின் கருவியை அவர்கள் அறியாவண்ணம் மாறி மாறி இயக்கியும் நிறுத்தியும் பார்த்தனர். இரு நிலைகளுக்குமிடையே தெளிவான வேறுபாடு காணவில்லை. மின்சாரத்தை அளித்த முறை சரியன்று என நிபுணர் சிலர் மறுத்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை. நம் நாட்டுப் பெருநகர மருத்துவமனைகளிலும் பல இலட்சம் ரூபாய் செலவில் இக்கருவி பொருத்தப்படுவதால், இவ்வழக்கு நமக்கும் தொலைவானதன்று.

1975ஆம் ஆண்டு மெல்சாக் வேறொரு பணியையும் நிறைவேற்றினார். நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களை வகுத்துத் தொகுத்து, 78 சொற்கள் கொண்ட ஒரு வினாத்தாளாக்கினார். நோயாளியின் சொல்லை நம்ப வேண்டும். சிகிச்சையின் வாக்கையோ சோதித்தே ஏற்க வேண்டும். திருக்கை மீன் முதல் தண்டுவடக் கம்பி வரை இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் இதுவே. இனி வைத்தியரிடம் செல்லும்போது, ஒரே சொல்லோடு நின்றுவிடாது, நோவு குத்துகிறதா, எரிகிறதா, எங்கே தொடங்கி எங்கே ஓடுகிறது என்பதை, வந்த மொழியில், சைகையாலேனும் விளங்க வைப்போமாக. அவர் ஒரு கருவியைப் பரிந்துரைத்தால், முதலில் தற்காலிகமாகச் சோதிப்பீர்களா, ஐந்தாண்டு கழித்து எப்படியிருக்கும் என்று தயங்காமல் கேட்போமாக.