மிஸ்டர் டி: வாசலில் நின்ற முரடர்

'தி ஏ-டீம்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் உங்களில் மூத்தவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். பார்க்காதவர்களும் அந்த முகத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். இருபுறமும் வழித்த தலை, நடுவில் மட்டும் பட்டையாக முடி, கழுத்து நிறையத் தங்கச் சங்கிலிகள், எப்போதும் ஒரு முறைப்பு. அவர்தான் மிஸ்டர் டி. நம் இதழில் அவருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர்தான். பின்னாளில் அக்கம்பக்கத்தாரிடம் மாட்டிக்கொண்ட கதையும் அவருக்கு உண்டு.

1952 மே 21 அன்று சிகாகோவில் பிறந்தார். இயற்பெயர் லாரன்ஸ் டியூரோ. பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசி. பாதிரியாரான தந்தை, இவருக்கு ஐந்து வயதானபோது வீட்டை விட்டுப் போய்விட்டார். மாதம் 87 டாலர் அரசு உதவித்தொகையில் அத்தனை பேரையும் அம்மாதான் வளர்த்தார். மூன்றே அறைகள் கொண்ட வீடு.

அவர் வளர்ந்த 'ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ்' 1962-இல் கட்டி முடிக்கப்பட்ட அரசுக் குடியிருப்பு. பதினாறு மாடிக் கட்டடங்கள் 28, ஒரே வரிசையில் நின்றன. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 11,000 பேருக்கு என்று திட்டமிட்ட இடத்தில் ஒரு கட்டத்தில் 27,000 பேர் வரை இருந்தார்கள். லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும். நம் பிளாக்கில் லிஃப்ட் அரை நாள் நின்றாலே வாட்ஸ்அப் குழு என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். அங்கே பராமரிப்புக்குப் பணமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. போதைப்பொருள் கும்பல்கள் படிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டன. கறுப்பின ஏழைகளை நகரின் ஒரே மூலையில் அடைத்து வைக்கக் கூடாது என்று வாதாடித் தோற்று, வீட்டுவசதி வாரியத் தலைவர் பதவியை விட்டு விலகியவர் ராபர்ட் டெய்லர். அப்படி அடைத்து வைத்த இடத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள்! 2007-க்குள் எல்லாக் கட்டடங்களையும் இடித்துவிட்டார்கள்.

'மிஸ்டர் டி' என்பது மேடைப் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர் அதைச் சட்டப்படியே தன் பெயராக மாற்றிக்கொண்டார். காரணத்தையும் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பாவை, மாமாவை, வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்த அண்ணனை, வெள்ளையர்கள் 'பையா' என்றே கூப்பிட்டார்கள். வளர்ந்த ஆண்களுக்கு அந்த மரியாதைதான். தன்னைக் கூப்பிட வாயைத் திறந்தால் முதலில் 'மிஸ்டர்' என்றுதான் வர வேண்டும் என்று முடிவு செய்தார். முறைப்புக்கும் முடிக்கும் பின்னால் இருந்தது இதுதான் என்பது என் எண்ணம். அந்த முடியலங்காரத்தைக்கூட நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் பார்த்த ஓர் ஆப்பிரிக்க மண்டிங்கா வீரரிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

பள்ளியில் மல்யுத்தம், பிறகு கால்பந்து உதவித்தொகையில் ஓராண்டு கல்லூரி, ராணுவக் காவல் பிரிவில் கொஞ்ச காலம். அதன்பின் சிகாகோ இரவு விடுதி ஒன்றில் வாசல் காவலர் வேலை. தகராறு செய்பவர்களை வெளியே தள்ளுவதுதான் அந்த வேலை. சண்டையின்போது அறுந்து விழும், மறந்துவிட்டுப் போகும் சங்கிலிகளை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். உரியவர் வந்தால், மறுபடி உள்ளே போகாமல் வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம். வராதவர்களின் சங்கிலிகள் கழுத்தில் சேர்ந்துகொண்டே போயின. தன் முன்னோர்கள் இரும்புச் சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்டதை அவை நினைவூட்டுகின்றன என்று பின்னர் சொன்னார்.

அடுத்து மெய்க்காப்பாளர் வேலை. முகமது அலிக்குக்கூட இருந்திருக்கிறார். 1980-இல் அமெரிக்காவின் மிக முரட்டு வாசல் காவலர் யார் என்று தொலைக்காட்சியில் ஒரு போட்டி நடந்தது. ஆளைத் தூக்கி எறிவது, மரக்கதவை இடித்து உடைப்பது என்று போட்டிகள். அதில் ஜெயித்தவரைக் கண்டு சில்வெஸ்டர் ஸ்டாலோன் 'ராக்கி 3' படத்துக்கு அழைத்தார். 1982-இல் வெளிவந்த அந்தப் படத்தின் கிளப்பர் லாங் என்ற குத்துச்சண்டை வீரர்தான், என்னைக் கேட்டால், அவர் நடித்ததிலேயே சிறந்தது. 1983 முதல் 1987 வரை 'தி ஏ-டீம்'. அதில் வரும் பி.ஏ. பராக்கஸ் எதற்கும் அஞ்சாதவர், ஆனால் விமானம் என்றால் நடுங்குவார். பால் குடிப்பார். குழந்தைகள் கொண்டாடினார்கள். 1983 கிறிஸ்துமஸுக்கு வெள்ளை மாளிகையில் சாண்டா வேடமிட்டு வந்தார், நான்சி ரீகன் அவர் மடியில் உட்கார்ந்த புகைப்படம் பிரசித்தம்.

இனி அக்கம்பக்கத்தார் கதை. சம்பாதித்த பணத்தில் சிகாகோவுக்கு வடக்கே, லேக் ஃபாரஸ்ட் என்ற பணக்கார ஊரில் பெரிய மாளிகை வாங்கினார். பழைய மரங்களுக்குப் பேர்போன ஊர். 1987-இல் தன் வளாகத்திலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஓக் மரங்களை வெட்டித் தள்ளினார். ஒவ்வாமை என்று காரணம் சொல்லப்பட்டது. ஊரே கொதித்தது. பத்திரிகைகள் ஒரு பிரபல பேய்ப்படத்தின் பெயரைத் திருத்தி 'லேக் ஃபாரஸ்ட் ரம்பப் படுகொலை' என்று எழுதின. ஆனால் அவரைத் தடுக்க அப்போது சட்டம் எதுவும் இல்லை. என் நிலம், என் மரம். அதன் பிறகுதான் அந்த ஊர் மரப் பாதுகாப்புக்கு விதிமுறை கொண்டுவந்தது. கார் நிறுத்த இடம் போதவில்லை என்று பின்புற வேப்பமரத்தைப் பற்றிப் பொதுக்குழுவில் பேசுகிறவர்களும், அதை எதிர்ப்பவர்களும், இரு தரப்பும் இதைப் படித்திருப்பது நல்லது. அவரை எனக்குப் பிடிக்கும் என்றாலும், இந்த விஷயத்தில் நான் மரங்களின் பக்கம்.

1995-இல் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. அதில் 'டி-செல்' என்ற வகை. என் பெயரையே கொண்ட நோய் என்று அவரே சொல்லிச் சிரித்தார். குணமடைந்தார். 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. வீடு வாசல் இழந்தவர்கள் நடுவே தங்கத்தோடு நிற்பது கடவுளுக்கே அடுக்காது என்று, அத்தனை வருடம் அடையாளமாக இருந்த சங்கிலிகளைக் கழற்றி வைத்தார்.

2014-இல் அதே நியூ ஆர்லியன்ஸில் மல்யுத்த அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.ஈ. அவரைக் கௌரவித்தது. 1985-இல் ஹல்க் ஹோகனோடு ஜோடி சேர்ந்து முதல் 'ரெஸில்மேனியா'வில் மோதியவர் அல்லவா? மேடையேறியவர் மல்யுத்தத்தை விட்டுவிட்டு அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், நிறுத்தவே இல்லை. கடைசியில் கேன் என்ற ஏழடி மல்யுத்த வீரரை மேடைக்கு அனுப்பித்தான் முடிக்க வைத்தார்கள்.