தோளில் நாலு கிலோ

என் மகளுக்குப் பதினாறு வயது. சென்ற ஆண்டு துப்பாக்கி சுடும் சங்கமொன்றில் சேர்ந்தாள். பயிற்சியாளர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு எடையில் ரைபிள் வேண்டும்?" மேசைமேல் மூன்றை வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். பின்னால் நின்ற எனக்கு ரங்கூன் ஞாபகம் வந்தது.

2018இல் மென்பொருள் வேலையாகச் சில மாதங்கள் யாங்கூனில் இருந்தேன். அனவ்ரதா சாலைக் காளி கோயிலைச் சுற்றி இன்னும் தமிழ் கேட்கும். 1942இல் நடந்தே வெளியேறியவர்களும், 1964ஐ ஒட்டிக் கப்பலேறியவர்களும் போக, மிஞ்சியவர்களின் தமிழ் அது. அந்த நகரத்துக்குத்தான் 1944இல் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படை வந்து சேர்ந்தது. அதில் பெரும்பகுதியினர் மலாயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். மாலை வேளைகளில் விடுதி அறையில் அவர்களைப் பற்றி நிறையப் படித்தேன். அவர்கள் தோளில் இருந்த ரைபிளின் எடை என்ன என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. மகள் மூன்றாவது ரைபிளைத் தூக்கி முகம் சுளித்தபோதுதான் தோன்றியது.

போட்டிகளில் அவள் சுடுவது .22 ரிம்ஃபயர். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு 'பாயின்ட் டூ டூ' என்றால் புரியும். தோட்டாவின் அடிவிளிம்பில் ஊசி அடிக்க, 2.6 கிராம் குண்டு வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். குண்டு முன்னே போனால் துப்பாக்கி பின்னே வரும். கணக்குப் போட்டால், எட்டு கிலோ ரைபிள் வினாடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில்தான் பின்னால் நகர்கிறது. சுட்டவர் கண்ணை எடுக்காமலே குண்டு எங்கே பட்டது என்று பார்த்துவிடலாம். எடை கூடினால் கைநடுக்கமும் இலக்கில் குறைவாகத் தெரியும். ஆனால் தடுப்புக்குத் தடுப்பு மாறிச் சுடும் போட்டியில் அதே எடை காலை வாரும். நின்று சுடும்போது இன்னும் மோசம். ஆகவே எடையோடு, அது எங்கே குவிந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிற்கும்போது இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றியிருக்கும். "சதையால் தூக்காதே, எலும்பால் தாங்கு" என்றார் பயிற்சியாளர்.

ராணிகளின் கையில் இருந்தது பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய .303 லீ-என்ஃபீல்டு, நம் ஊர்க்காரர்கள் சொல்லும் 'த்ரீ நாட் த்ரீ'. எடை ஏறத்தாழ நாலு கிலோ. குண்டு 11.3 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 744 மீட்டர். அதே கணக்கைப் போட்டால் ரைபிள் வினாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் தோளை இடிக்கிறது. போட்டி ரைபிளைப்போல் இருபது மடங்கு. சுடுவதற்கு மட்டும் என்றால் இன்னும் கனமாக இருந்திருக்கலாம். ஆனால் போர்த் துப்பாக்கி நாள் முழுக்கச் சுமந்து நடக்கவும் வேண்டியது. அதன் எடையைத் தீர்மானிப்பதில் நடைக்கும் பங்குண்டு. பின்கட்டை மட்டும் நான்கு நீளங்களில் கிடைத்தது. குட்டையான சிப்பாய்களுக்கென்றே 'பான்டம்' என்றோர் அளவு. கைநீளத்துக்குத் தக்கபடி மாற்ற முடிந்தது. எடையை யாரும் கேட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை.

அந்தச் சிப்பாய் யார் என்பதும் முன்பே முடிவாகியிருந்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 'போர்க்குடிகள்' என்ற கொள்கையில் தமிழருக்கு இடமில்லை. மதராஸ் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, 1920களில் மிச்சமும் கலைக்கப்பட்டது. 1941இல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி வந்தது. ஆண்களுக்கே இந்த நிலை என்றால், விடியுமுன் பால்வெட்டப் போன பெண்ணின் கைக்கு ரைபிள் வருமென்று யார் நினைத்திருப்பார்கள்?

1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸுக்குச் சேலை கட்டிய சுமார் இருபது பெண்கள் .303 ஏந்தி அணிவகுப்பு மரியாதை தந்தார்கள். அவர்களைத் திரட்டியவர் சென்னையில் படித்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அக்டோபர் 22 அன்று பயிற்சி முகாம் திறந்தது. பதினெட்டு வயதில் சேர்ந்த ஜானகி தேவரும், பின்னாளில் மலேசியாவில் ஆசிரியர் சங்கத் தலைவராக அறியப்பட்ட ரசம்மா பூபாலனும் அந்தப் படையில் இருந்தவர்கள். பெண்களுக்கு ஆயுதமா என்று ஜப்பானியருக்குத் தயக்கம்.

ராணிப் படை போர்முனையில் சண்டையிடவில்லை. மேமியோவில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள், குண்டுவீச்சில் பதுங்கினார்கள். அதனால் அவர்களை வெறும் காட்சிப் படை என்று எழுதியவர்களும் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. 1945 ஏப்ரல் 24 அன்று போஸ் ரங்கூனை விட்டு நீங்கியபோது ராணிகளில் ஒரு பகுதியினர் உடன் சென்றார்கள், ஜானகியும் இருந்தார். பகலில் விமானங்களுக்குப் பயந்து மறைந்திருந்து, இரவில் சேற்றில் நடந்து, சிட்டாங் ஆற்றைக் கடந்து மௌல்மீன் சேர்ந்தார்கள். வேறொரு குழு போன ரயில் தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இரு ராணிகள் இறந்தார்கள். அந்தப் பெண்கள் ரைபிளால் சுட்டதைவிடச் சுமந்ததே அதிகம். இடுப்பெலும்பில் முழங்கையை ஊன்றி நிற்க அவர்களுக்கு இடம் ஏது? அவர்களின் போர் அந்த நடைதான் என்று எனக்குப் படுகிறது.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற ஏர் ரைபிள் பிரிவில் துப்பாக்கியின் உச்ச எடை 5.5 கிலோ. லீ-என்ஃபீல்டைவிடக் கனமாகவே இருக்கலாம். பெண்ணால் தூக்க முடியுமா என்று இன்று அங்கே யாரும் கேட்பதில்லை. 1943இலும் கேள்வி கிலோவைப் பற்றியதாக இருந்திருக்காது.

மகள் இரண்டாவது ரைபிளை எடுத்துக்கொண்டாள். ஐந்து கிலோ, ஜானகி சுமந்ததைவிட ஒரு கிலோ அதிகம். ஒரு மணி நேரம் சுட்டாள். பிறகு அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு வந்து காரில் ஏறினாள்.