மைக் மார்ட்டின்: நாற்பது பருவங்களின் பயிற்றுநர்

மைக் மார்ட்டின் (பிப்ரவரி 12, 1944 – பிப்ரவரி 1, 2024) அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பயிற்றுநர் ஆவார். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணிக்கு 1980 முதல் 2019 வரை, நாற்பது பருவங்கள் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். அக்காலத்தில் அவரது அணி 2,029 ஆட்டங்களில் வென்றது. 736 ஆட்டங்களில் தோற்றது. 4 ஆட்டங்கள் சமனில் முடிந்தன. முதற்பிரிவுக் கல்லூரி பேஸ்பாலில் 2,000 வெற்றிகளை எட்டிய முதல் பயிற்றுநர் இவரே. எனினும், தேசியச் சாம்பியன் பட்டத்தை அவர் ஒருமுறையும் வென்றதில்லை.

இளமைக்காலம்

மார்ட்டின் வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் பிறந்தார். விங்கேட் கல்லூரியில் பயின்றபின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1965-இல் தேசிய இறுதிக்கட்டத் தொடரில் ஆடிய அணியில் இடம்பெற்றார். பின்னர்ச் சில ஆண்டுகள் தொழில்முறை ஆட்டத்தின் கீழ்நிலை அணிகளில் ஆடினார். மேல்நிலை அணிகளில் இடம் கிடைக்கவில்லை. எனவே பயிற்றுநர் பணிக்குத் திரும்பினார்.

1975-இல் தாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே துணைப் பயிற்றுநரானார். அங்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்த டிக் ஹவுசர், 1980 பருவத்துக்கு நியூயார்க் யாங்கீஸ் அணியின் மேலாளராகச் சென்றார். காலியான அந்தப் பொறுப்பு மார்ட்டினுக்கு வந்தது.

கல்லூரி அணியை நடத்துவதன் சிக்கல்

தொழில்முறை அணியைப் போலன்றி, கல்லூரி அணி ஆண்டுதோறும் கலைந்து கூடுவது. நான்காண்டுக் கல்லூரிகளில் சேரும் ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் பொதுவாக மூன்றாம் ஆண்டு முடிவில் தேர்ந்தெடுக்கலாம். சிறந்தவர்கள் பட்டம் பெறும் முன்பே போய்விடுவார்கள். உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரடியாகவே தொழில்முறைக்குச் செல்வோரும் உண்டு. கல்வி உதவித்தொகையும் குறைவு. மார்ட்டினின் பிற்காலத்தில், முதற்பிரிவு பேஸ்பால் அணி முழுவதற்குமான வரம்பு 11.7 முழு உதவித்தொகைகள் மட்டுமே. அதை முப்பதுக்கும் குறையாத ஆட்டக்காரர்களைக் கொண்ட அணிக்குள் பங்கிட வேண்டும்.

இச்சூழலில் மார்ட்டினின் அணி நாற்பது பருவங்களிலும், ஒன்றுகூடத் தவறாமல், 40 ஆட்டங்களுக்குக் குறையாமல் வென்றது. நாற்பது ஆண்டும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

அவரிடம் ஆடியவர்களில் மைக் ஃபுயன்டெஸ் (1981), மைக் லாய்ண்ட் (1986), ஜே. டி. ட்ரூ (1997), பஸ்டர் போசி (2008) ஆகிய நால்வர், நாட்டின் சிறந்த அமெச்சூர் ஆட்டக்காரருக்குரிய கோல்டன் ஸ்பைக்ஸ் விருதைப் பெற்றனர். இவர்களுள் போசியின் கதை குறிப்பிடத்தக்கது. முதலாண்டில் அவர் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடினார். இரண்டாம் ஆண்டில் கேட்சராக மாற்றப்பட்டார். கேட்சர் என்பது கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளரை ஒத்த இடம். அந்த இடத்தில் ஆடியே அவர் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியுடன் 2010, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றார்.

ஒமாகாவும் பதினேழு வருகைகளும்

கல்லூரி உலகத் தொடர் 1950 முதல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் நடைபெறுகிறது. முந்தைய சுற்றுகளைக் கடந்த எட்டு அணிகள் அங்கே மோதும். இருமுறை தோற்ற அணி வெளியேறும். நான்கு மாத உழைப்பின் முடிவு ஏறத்தாழப் பத்து நாளில் தெரிந்துவிடும்.

மார்ட்டின் பயிற்றுநராக 17 முறை அங்குச் சென்றார். இரண்டு முறை பட்டத்தின் விளிம்புவரை வந்தார். 1986-இல் அரிசோனாவிடம் 10–2 என்று அணி தோற்றது. 1999-இல் ஒரே ஆட்டமாக நடந்த இறுதியில், மயாமியிடம் 6–5 என ஒரே ஓட்டத்தில் பட்டம் கைநழுவியது.

இதற்கு விளக்கம் என்ன என்பது விவாதத்துக்குரியது. எட்டு அணிகளும் சமபலம் கொண்டவை என்று வைத்துக் கணக்கிட்டால், 17 முறை சென்று ஒருமுறையும் வெல்லாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. அரிதுதான், ஆனால் நடக்கக்கூடாதது அன்று. எனவே தோல்வி முழுவதையும் பயிற்றுநரின் குறையாகக் கொள்வதும் சரியன்று; முழுவதையும் விதியின் மேல் போடுவதும் சரியன்று.

ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ராட் டெடோ 11 தேசியப் பட்டங்களில் பங்குடையவர். ஆகி கரிடோ 1,975 வெற்றிகளோடு ஐந்து பட்டங்களும் பெற்றவர். 2018 மே 5 அன்று கரிடோவின் வெற்றி எண்ணிக்கையை மார்ட்டின் கடந்தார். பட்ட எண்ணிக்கையை மட்டும் அவரால் நெருங்க முடியவில்லை.

இறுதிப் பருவம்

2019-ஆம் ஆண்டே தமது கடைசிப் பருவம் என மார்ட்டின் முன்னரே அறிவித்திருந்தார். மார்ச் 9 அன்று வர்ஜீனியா டெக் அணிக்கு எதிராக 2,000-ஆவது வெற்றி வந்தது. ஆயினும் பருவம் தடுமாற்றமாகவே சென்றது. தேசியப் போட்டி தொடங்கியபோது கையில் இருந்தவை 36 வெற்றிகளே. நாற்பதாண்டுத் தொடர்ச்சி கடைசி ஆண்டில் அறுந்துவிடும் நிலை.

அணி ஜார்ஜியா பல்கலைக்கழக மைதானத்தில் மூன்று ஆட்டங்களையும், அடுத்துப் பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் இரண்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றது. நாற்பதாவது வெற்றி பேட்டன் ரூஜின் முதல் ஆட்டத்தில் கிடைத்தது. இவ்வாறு அவர் பதினேழாம் முறையாக ஒமாகா சென்றார். அங்கே ஆர்கன்சாவை 1–0 என வென்ற அணி, மிச்சிகனிடம் 2–0, டெக்சாஸ் டெக்கிடம் 4–1 எனத் தோற்று வெளியேறியது. அதுவே அவரது கடைசி ஆட்டம்.

அவருக்குப் பின் அவர் மகன் மைக் மார்ட்டின் இளையவர் 2022 வரை அணியை நடத்தினார்.

மதிப்பீடு

டலஹாசியிலுள்ள அரங்கு டிக் ஹவுசரின் பெயரையும், அதன் ஆடுகளம் மார்ட்டினின் பெயரையும் தாங்கியுள்ளன. பட்டம் என்பது ஓர் ஆண்டின் சில நாட்களை அளக்கும் அளவுகோல். ஆண்டுதோறும் கலையும் அணியை நாற்பது முறை புதிதாகக் கட்டி, ஒருமுறைகூடச் சரியவிடாமல் காத்ததை அளக்க அது போதாது. மார்ட்டினின் பணிவாழ்வைப் படிப்போர் இரண்டு அளவுகோல்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.